கணக்கு வராதுக்கா



போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலனியில் மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டார்கள். ஒரு தங்கை மட்டும் பாயைச் சுருட்டுகிற சாக்கில் நின்றுகொண்டிருந்தாள். பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்து ஒரு வருடம் ஆகிறது. அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி.

"அக்கா, கணக்கு இல்லாத வேலை ஏதாவது இருக்காக்கா?"

வங்கி எழுத்தர் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டாள். அதில் முதல்நிலைத் தேர்வின் 100 கேள்விகளில் 35 எண் திறன் கேள்விகள். அங்கேயே நின்றுபோகிறது. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளுக்கு 25 கேள்விகள் திறனறிவு. அந்த 25-ஐயும் அவள் படிப்பதே இல்லையாம். ஏதாவது ஒரு வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு வந்துவிடுகிறாள். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அரை மதிப்பெண்ணில் ஆட்கள் வெளியே நிற்கிற தேர்வில் முப்பத்தேழரை மதிப்பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டு வருகிறாள்.

"கஸ்டமர் கேர் வேலைன்னா பேசுனா போதும்லக்கா? எனக்குப் பேச வரும். கணக்குதான் வராது."

ஆமாம் போம்மா என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். வாய் வரவில்லை. இதே நினைப்போடு 2011-இல் விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் பஸ் ஏறியவள் நான். நாலு வருடம் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அடுத்த வாரம் சொல்றேன்" என்று அவளை அனுப்பிவிட்டேன். இந்தக் கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும் என்று தோன்றியதால் அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

எனக்குக் கணக்கு எப்போது வராமல் போனது என்று சரியாகச் சொல்ல முடியும். ஏழாம் வகுப்பில். எங்கள் காலனியிலிருந்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆறு பேர் போவோம். கணக்குப் பாட வேளை வந்தால் ஆசிரியர் எங்களில் இரண்டு பேரைக் கூப்பிடுவார். ஒருத்தி செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், இன்னொருத்தி கழிப்பறைக்கு வாளி தூக்க வேண்டும். தமிழ்ப் பாடத்தில் கூப்பிட மாட்டார்கள், வரலாற்றில் கூப்பிட மாட்டார்கள். அவர் வகுப்பில் மட்டும்தான். பின்னங்கள் நடந்த மாதம் முழுக்க நான் பள்ளிக்கூடத்து வேப்பங்கன்றுகளோடு இருந்தேன். பின்னம் தெரியாதவளுக்கு விகிதம் புரியாது, விகிதம் புரியாதவளுக்குச் சதவீதம் புரியாது, சதவீதம் புரியாதவளுக்கு வட்டிக் கணக்கு வேற்றுமொழி. ஒருநாள் கரும்பலகையில் விழித்துக்கொண்டு நின்றபோது அவர் சொன்னார்: "உங்களுக்கெல்லாம் எதுக்கு இது? நாத்து முடி எண்ணத் தெரிஞ்சா பத்தாதா?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

பத்தாம் வகுப்பில் கணக்கில் 41. பதினொன்றாம் வகுப்பில் கணக்கே இல்லாத குரூப் எடுத்தேன். நானாகத்தான் எடுத்தேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. நடவுக்குப் பதினெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போகிற கொத்துக்காரி அவர். யார் எத்தனை நாள் வந்தாள், யார் மதியத்தோடு போய்விட்டாள், எந்தக் காட்டுக்காரர் எவ்வளவு பாக்கி, சீட்டுக்கு யார் எத்தனை தவணை கட்டவில்லை, எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். அரை நாள் கூலி, கால் பங்கு என்று அவர் நாள் முழுக்கப் போட்டது நான் தவறவிட்ட அதே பின்னக் கணக்குதான். அதை யாரும் கணக்கு என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் அவரிடம் கேட்கவில்லை.

இடையில் ஒன்று. நம் ஊர்களில் அண்ணலின் சிலை எல்லாம் கையில் அரசியல் சட்டத்தோடு நிற்கிறது. நிற்கட்டும். ஆனால் அவர் லண்டனில் டி.எஸ்சி. பட்டத்துக்கு எழுதி 1923-இல் நூலாக வந்த ஆய்வு ரூபாயைப் பற்றியது. கொலம்பியாவில் எழுதியது மாகாண நிதியைப் பற்றியது. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அவர் நடத்திய பாடம் பொருளாதாரம். அட்டவணை அட்டவணையாக எண்களைப் புரட்டிய மனிதர் அவர். ஏப்ரல் 14-க்கு மாலை போடுகிற நமக்கு இது பெரும்பாலும் ஞாபகத்துக்கு வருவதில்லை. கணக்குக்கும் நமக்கும் ஆகாது என்று நாமே பேசிக்கொண்டிருக்கிறோம்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

நான் சேர்ந்தது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கால் சென்டர். ஒரு செல்போன் கம்பெனியின் தமிழ் அழைப்புகளை எடுக்கிற வேலை. விண்ணப்பத்தில் சாதி கேட்கிற கட்டம் இல்லை. அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது என்பதும் அந்தக் கட்டம் இல்லாததற்குள்தான் இருக்கிறது என்று அப்போது உறைக்கவில்லை. கட்டம் இல்லையே தவிர, கேள்வி இருந்தது. "நேட்டிவ் எது? விழுப்புரத்துல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாரு? சொந்த நிலமா?" சாப்பாட்டு மேசையில் ஒரு கேள்வி, பஸ்ஸில் ஒரு கேள்வி. நாலு நாளில் எல்லோருக்கும் வேண்டிய பதில் கிடைத்துவிடும்.

பயிற்சியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கண்ணகி நகர்ப் பெண். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. கம்பெனியிலிருந்து கூப்பிடு தூரம். விண்ணப்பத்தில் அவள் எழுதியது 'துரைப்பாக்கம்' என்று மட்டும். கண்ணகி நகர் என்று எழுதினால் கூப்பிடவே மாட்டார்கள் என்று அவளுடைய அண்ணன் சொல்லியிருந்தார், அவருக்கு அப்படி நடந்திருந்தது. இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி வண்டி அவளைத் துரைப்பாக்கம் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். உள்ளே போகச் சொன்னால் முகவரி தெரிந்துவிடும். அதனால் ராத்திரி ஒரு மணிக்கு அங்கிருந்து தனியாக நடந்து போவாள். ஐந்து மாதம் நடந்தாள்.

முதல் பதினைந்து நாள் குரல் பயிற்சி. ஆங்கில அழைப்பு எடுப்பவர்களுக்குத் தாய்மொழி வாடை போக வேண்டும் என்பார்கள். எங்களுக்கோ தமிழிலேயே ஊர் வாடை போக வேண்டும். 'ழ' வரவில்லை என்று ஒருத்தியை நாற்பது பேர் முன்னால் 'வாழைப்பழம்' சொல்ல வைத்துக்கொண்டே இருந்தார்கள். எந்தத் தெருத் தமிழ் நல்ல தமிழ் என்று அங்கே யாரும் விளக்கவில்லை, விளக்கவும் தேவை இருக்கவில்லை.

இப்படியெல்லாம் சொல்வதால் அந்த வேலையை வெறுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பிடித்திருந்தது. அதுவரை என்னை யாரும் 'மேடம்' என்று கூப்பிட்டதில்லை. முகம் தெரியாமல், தெரு தெரியாமல், ஒருவர் என் வார்த்தையை நம்பி எதையோ செய்கிறார் என்பது எனக்குப் புதிது. நாள் ஒன்றுக்கு எண்பது அழைப்பு. முதல் மாதத்திலேயே ஒன்று தெரிந்துவிட்டது. மக்கள் இரண்டே விஷயத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள். ஒன்று, சாமான் வேலை செய்யவில்லை. இரண்டு, காசு போய்விட்டது. இரண்டாவதுதான் அதிகம். "கேக்காமலே பாட்டு வச்சு முப்பது ரூபா புடிச்சிட்டீங்க." "புது கனெக்‌ஷன், முத பில்லே இவ்ளோ வருது, ஏன்?" கணக்கு வேண்டாம் என்று ஓடிவந்த இடத்தில் கணக்கு காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

பயப்பட வேண்டாம். அது கூட்டல், கழித்தல், சதவீதம், எத்தனை நாளுக்கு எவ்வளவு, அவ்வளவுதான். அதையும் கம்ப்யூட்டர் போட்டுவிடும். கோபத்தில் இருக்கிற ஒருவருக்கு அதைப் புரியவைக்கிறதுதான் நம் வேலை. அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் டீமில் கணக்கில் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். "பில் கரெக்ட்தான் சார், மாத வாடகையை நாள்களுக்குப் பிரிச்சு, அட்வான்ஸ் சேர்ந்து வந்திருக்கு" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். அந்தப் பக்கம் கோபம் இரண்டு மடங்காகும். நான் முதலில் "நீங்க எந்தத் தேதி சிம் வாங்குனீங்க அண்ணே?" என்று ஆரம்பிப்பேன். மிச்சம் எத்தனை நாள் என்று அவரையே எண்ண வைப்பேன். அதற்கு இவ்வளவு, வருகிற மாதத்துக்கு முன்கூட்டியே இவ்வளவு. எந்த இடத்தில் ஆள் தொலைந்துபோவார் என்று எனக்குத் தெரியும், நானே அங்கேதான் தொலைந்திருந்தேன். பில் சந்தேகங்களை என் பக்கம் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். ஏழாம் வகுப்பு ஆசிரியர் பார்த்திருக்க வேண்டும்.

கஷ்டமான கணக்கு வேறு இடத்தில் இருந்தது. நம்மை எண்ணுகிற கணக்கு.

ஒரு அழைப்பைச் சராசரியாக எத்தனை வினாடியில் முடிக்கிறாய் என்று ஒரு எண் இருக்கும். ஏ.எச்.டி. என்பார்கள். எங்களுக்கு 180 வினாடி. கழிப்பறைக்குப் போய்வர எத்தனை நிமிடம் என்பது இன்னொரு எண். வாடிக்கையாளர் கொடுக்கிற மதிப்பெண், அழைப்பைப் பதிவு செய்து கேட்பவர் கொடுக்கிற மதிப்பெண், தாமதமாக லாகின் செய்த நிமிடம். தினமும் காலையில் எல்லோருடைய எண்ணும் பலகையில் ஏறும். டி.எல். "சாப்டியா" என்று கேட்பதற்கு முன்னால் "உன் நம்பர் என்ன?" என்பார்.

ஒருநாள் ஒரு அம்மா பேசினார். கணவர் செத்துப்போய்விட்டார், அவர் பேரில் இருக்கிற எண்ணைத் தன் பேருக்கு மாற்ற வேண்டும். படிக்கத் தெரியாது. என்னென்ன காகிதம் வேண்டும் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர் திருப்பிச் சொல்லி, நடுவில் அழுது, நடுவில் எங்கள் சிஸ்டம் நின்று, மொத்தம் நாற்பது நிமிடம். மறுநாள் பலகையில் என் பேருக்கு நேரே சிவப்பு மை. 198.

எனக்குப் புரியவில்லை. அன்று மற்ற எல்லாவற்றையும் சீக்கிரம்தானே முடித்தேன்? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பி.காம். படித்த ஒரு தோழி, ஷேர் ஆட்டோவில் ஒரு டிக்கெட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினாள். 79 அழைப்பு, ஒவ்வொன்றும் 170 வினாடி என்று வை, 13,430. அந்த அம்மாவின் அழைப்பு 2,400. கூட்டினால் 15,830. எண்பதால் வகு. 197.9. ஒரே ஒரு அழைப்பு மொத்த நாளையும் சாப்பிட்டுவிட்டது. "இதுல சிஸ்டம் நின்ன நேரத்தை அவங்க கழிக்கணும்டீ" என்றாள். சராசரி என்றால் என்ன என்று என் இருபத்திரண்டாவது வயதில் ஷேர் ஆட்டோவில் கற்றுக்கொண்டேன்.

அது வெறும் அவமானத்தோடு போகிற விஷயமாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். மாதத்தில் 22 நாள் 180-க்குள் இருந்தால் 1,500 ரூபாய் ஊக்கத்தொகை. எனக்கு 21 நாள். சிஸ்டம் நின்ற நேரம் எங்கள் திரையிலேயே பதிவாகியிருந்தது. 25 நிமிடம், 1,500 வினாடி. கழித்தால் சராசரி 180-க்குள் வந்துவிடும். எழுதிக்கொண்டு டி.எல்.லிடம் போனேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீ கணக்கெல்லாம் போடுவியா?" என்றார். ஏழாம் வகுப்பில் கேட்ட அதே குரல். அடுத்த மாதச் சம்பளத்தில் பணம் வந்தது. அதற்கு முன்னால் எத்தனை மாதம் எனக்கு வர வேண்டியது வராமல் போயிருக்கும் என்று தெரியாது, அப்போது நான் பார்க்கவே இல்லை.

கடைசி ஒரு வருடம் என்னை வேறு பிராசசுக்கு மாற்றினார்கள். கடன் வசூல். தவணை கட்டாதவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். "பேசுறது மட்டும்தான், கணக்கு எதுவும் இல்ல" என்றுதான் எனக்கும் சொன்னார்கள். திரையில் பெயர் வரும், பாக்கி வரும், வாசிக்க வேண்டும். பெயர்கள் எங்கள் காலனிப் பெயர்களாக இருந்தன. ஒரு நாள் ஒரு பெண்மணி எடுத்தார். பாக்கியை வாசித்தேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு, "பத்தாயிரம் வாங்குனேன் கண்ணு. நான் ஒன்பது தவணை கட்டிட்டேன். நீ சொல்றத பாத்தா பாதிக்கு மேல நிக்குது. நான் கட்டுனது எங்க போச்சு, சொல்லு" என்றார். அபராதம், அபராதத்துக்கு வட்டி என்று திரையில் என்னென்னவோ இருந்தது. எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. "கட்டித்தான் ஆகணும்மா" என்றேன். அவர் அவர் கணக்கை முழுதாகச் சொன்னார், தேதி தேதியாக. என் அம்மா சொல்வதுபோலவே. அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. ஏன் சரி என்று நிரூபிக்கத்தான் வரவில்லை. அந்த மாதத்தோடு வேலையை விட்டேன்.

இதனால்தான் தங்கையிடம் உடனே 'ஆமாம்' என்று சொல்ல முடியவில்லை.

சரி, போகலாமா வேண்டாமா? போகலாம். உனக்குப் பேச வரும் என்பது சின்ன விஷயம் இல்லை. எதிராளி கத்தும்போது கத்தாமல் கேட்கத் தெரிவது ஒரு தொழில், அதற்கு மார்க்கெட் இருக்கிறது. எண்கள் குறைவாக இருக்கிற இடங்களும் இருக்கின்றன. மருத்துவமனைகளில் நோயாளிகளை வரவேற்று எந்த டாக்டர், எந்த அறை என்று வழிகாட்டுகிற வேலை. விமான நிலையத்தில் பயணிகளுக்கு உதவுகிற தரைத்தளப் பணி. கருவி பழுதானால் போனில் சரிசெய்ய வழி சொல்கிற டெக்னிக்கல் சப்போர்ட். பேச்சுக்குப் பதில் எழுத்தில் பதில் தருகிற சாட், மின்னஞ்சல் வேலைகள், உன் ஆங்கில இலக்கியம் அங்கே உதவும். 108, 104 மாதிரியான உதவி எண்களில் அழைப்பு எடுக்கிற வேலை, அதில் பதற்றத்தில் இருக்கிறவரிடமிருந்து இடத்தையும் விஷயத்தையும் வாங்குவதுதான் திறமை. ஓட்டல் முன்வரவேற்பு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே பில்லும் கல்லாவும் உண்டு. வங்கி, கிரெடிட் கார்டு, இன்சூரன்ஸ் ஹெல்ப்லைன் எல்லாம் முழுக்க எண். போனில் விற்பனை என்றால் டார்கெட் கழுத்தைப் பிடிக்கும். தாட்கோ அவ்வப்போது எஸ்.சி., எஸ்.டி. இளைஞர்களுக்கு விமான நிலையப் பணி, விருந்தோம்பல் போன்றவற்றுக்கு இலவசப் பயிற்சி அறிவிக்கும், பார்த்துக்கொண்டே இரு. வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிற கன்சல்டன்சிக்காரரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதே.

வசூல் வேலைக்கு மட்டும் போகாதே என்று நான் சொல்ல முடியாது, வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். போனால் ஒன்று தெரிந்துகொண்டு போ. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன்காரரைக் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சொல்லியிருக்கிறது. கூப்பிடச் சொன்னால் எழுத்தில் கேள்.

எந்த வேலைக்குப் போனாலும் முதல் நாளே ஒரு கணக்கு வரும். ஆஃபர் லெட்டரில் வருடத்துக்கு 2,16,000 என்று இருக்கும். மாதம் 18,000 என்று நீ சந்தோஷமாக அம்மாவிடம் சொல்வாய். அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வை. வருங்கால வைப்பு நிதிக்கு உன் பங்கு 12 சதவீதம், 1,200. கம்பெனியும் 1,200 போட வேண்டும். அந்தக் கம்பெனி பங்கையும் உன் 18,000-க்குள்ளேயே சேர்த்துத்தான் பல இடங்களில் எழுதுவார்கள். ஈ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் உன் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. அதுவும் உள்ளே. கையில் வருவது 15,000-க்குக் கொஞ்சம் கீழே. வண்டிக்கு, சாப்பாட்டுக்கு என்று பிடித்தால் இன்னும் கீழே. பிடித்த வைப்பு நிதி உன் கணக்கில் ஏறுகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை உன் பாஸ்புக்கைப் பார். எங்கள் பேட்சில் ஒருவரும் பார்த்ததில்லை.

ஹெட்செட்டைக் கழற்றிவைத்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் என் வேலை இன்னும் போனில்தான். கிராமங்களிலிருந்து கூப்பிடுகிறார்கள். அடித்துவிட்டார்கள், தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், ஸ்டேஷனில் புகார் வாங்க மாட்டேன் என்கிறார்கள். குறுக்கே பேசாமல் கேட்பது, பேரையும் நேரத்தையும் இடத்தையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது, அழுகிறவரை அழவிட்டுக் காத்திருப்பது, எல்லாம் அந்தக் கால் சென்டரில் கற்றதுதான். வன்கொடுமை புகார்களுக்கு 14566 என்று ஒரு தேசிய உதவி எண் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அந்தப் பக்கம் போனை எடுக்கிறவர்களாக நம் பிள்ளைகள் நிறையப் பேர் உட்கார வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு.

அங்கேயும் எண் வந்துவிடுகிறது. விசாரணையை 60 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது வன்கொடுமைத் தடுப்பு விதி. நாளை யார் எண்ணுவது? நாம்தான். நிவாரணத் தொகை பல குற்றங்களில் முதல் தகவல் அறிக்கை போட்டதும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50, தண்டனை கிடைத்ததும் 25. முதல் கால் பங்கை வாங்கிக்கொண்டு அவ்வளவுதான் போல என்று வீட்டுக்குப் போய்விட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். குற்றப்பத்திரிகை போய் ஒரு வருடம் ஆகியிருக்கும், பாதிப் பணம் அரசு அலுவலகத்திலேயே கிடக்கும். போய்க் கேட்டால் கொடுப்பார்கள், கேட்க ஆள் வேண்டும்.

நேற்று ஞாயிறு. தங்கை வந்தாள், அவளுடைய அம்மாவும் துணைக்கு வந்திருந்தார். மேலே எழுதியதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். மருத்துவமனை வரவேற்பு வேலைக்கு விண்ணப்பிக்கிறேன் என்றாள், குரூப் 4-க்கும் படிக்கிறேன் என்றாள். அந்த 25 கேள்விக்காக வாரம் ஒரு மணி நேரம் உட்காருவது என்று முடிவு செய்தோம். பின்னத்திலிருந்தே ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். முகம் சுருங்கியது. சரி, வேறு இடத்திலிருந்து ஆரம்பிப்போம் என்று அவளுடைய அம்மாவின் குழுக் கடனை எடுத்துக்கொண்டேன்.

பத்தாயிரம் ரூபாய், வருடத்துக்கு 12 சதவீத நேர் வட்டி, பன்னிரண்டு தவணை. வட்டி 1,200. மொத்தம் 11,200. அம்மா மாதாமாதம் அசலையும் திருப்பிக்கொண்டே இருக்கிறார், முழுப் பத்தாயிரம் அவர் கையில் இருப்பது முதல் மாதம் மட்டும்தான். வருடம் முழுக்கச் சராசரியாகப் பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் வட்டி போடுவது முழுத் தொகைக்கும். அதனால் 12 என்று சொல்வது உண்மையில் 21-ஐத் தாண்டுகிறது. தங்கை நோட்டில் மெதுவாக எழுதிக்கொண்டே வந்தாள். 11,200-ஐப் பன்னிரண்டால் வகுக்கச் சொன்னேன். அடித்தாள், திரும்ப எழுதினாள், உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"933, மிச்சம் 4. சரியாக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் அம்மா சொன்னார், பாஸ்புத்தகத்தைத் திறக்காமலே: "என்கிட்ட 940 வாங்குறாங்களே."